நூற்று நாற்பத்தேழின் பெருவிரல்

பதினேழு வருஷமாகத் தூசி தட்டிய பாதம் அது. அதன் பெருவிரலில் தங்கம் இல்லை என்பது அந்த வெள்ளிக்கிழமைதான் அவள் கண்ணில் பட்டது.

பட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. காட்டினார்கள். சிலைகளைச் செப்பனிடும் பஞ்சு மேடம் ஏழாம் அறையின் விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு, கைவிளக்கைச் சிலையின் பாதத்துக்குப் பக்கத்தில் படுக்கவைத்துப் பிடித்தார். வெளிச்சம் சாய்வாக ஓடியது. விரல்களின் மேடும் பள்ளமும் எழுந்து நின்றன. இடது பாதம் பழைய தங்கத்தின் மங்கலோடு அப்படியே இருந்தது. வலது பாதத்தில் பெருவிரலும் அடுத்த விரலும் சிவப்பாகத் தெரிந்தன. பெருவிரலின் நுனியில் அந்தச் சிவப்பும் போய் மரமே வெளியே வந்திருந்தது.

"இதைப் பாருங்க அக்கா." மேடம் ஒரு புகைப்படத்தை நீட்டினார். "பத்து வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. முழுசா தங்கம்."

"சிவப்பா இருக்கே, அது என்ன மேடம்?"

"செம்மண் பூச்சு. தங்கரேக்கு ஒட்டறதுக்கு முன்னாடி அடியில பூசுவாங்க. மேல இருக்கிற தங்கத்தை யாரோ தேய்ச்சு எடுத்திருக்காங்க. ஒரு நாள்ல இல்ல, வருஷக்கணக்கா."

சமயக் கலை அருங்காட்சியகம் என்று வாசலில் எழுதியிருந்தது. மூன்று மாடி, பதினோரு அறை. மூடிப்போன வழிபாட்டிடங்களிலிருந்தும் வாரிசு இல்லாத வீடுகளிலிருந்தும் வந்து சேர்ந்த சாமான்கள். நாக்கில்லாத மணிகள், ஜரிகை கறுத்த அங்கிகள், நோய் தீர்ந்தவர்கள் நேர்ந்துகொண்டு செலுத்திய வெள்ளிக் கண்களும் கைகால்களும், யாரும் ஏற்றாத விளக்குகள். எந்த மதம், எந்தச் சாமி என்பதெல்லாம் சீட்டில் எழுதியிருக்கும். வேலைசெய்பவர்களுக்கு எண்தான். "இருநூத்திப் பத்துக்கு மூக்கு விரிசல் விட்டிருக்கு", "அம்பத்தாறைத் தூக்கறப்ப இடுப்பைப் பிடி, கழுத்தைப் பிடிக்காதே" என்று பேசிக்கொள்வார்கள். அப்படி இவர் நூற்று நாற்பத்தேழு. ஆள் உயரம், உட்கார்ந்த நிலை, வலது பாதம் பீடத்துக்கு வெளியே நீண்டிருக்கும். 'அடையாளம் தெரியாத துறவி' என்று சீட்டு சொல்லியது. எந்த ஊர், எந்தக் கூட்டம் கும்பிட்டது என்று படித்தவர்களுக்கே தெரியவில்லை.

அவளை எல்லோரும் பிரஷ்ஷம்மா என்பார்கள். ஆட்டுமயிர் பிரஷ் வலது கையில், முனையில் வலை கட்டிய தூசி உறிஞ்சும் குழாய் இடது கையில். தலையில் ஆரம்பித்துக் கீழே வர வேண்டும். பிரஷ் பொருளின் மேல் அழுந்தக் கூடாது. தூசியைக் கிளப்பிவிட்டால் போதும், குழாய் வாங்கிக்கொள்ளும். துணி என்ற பேச்சே கிடையாது. துணி பட்டால் உதிரத் தயாராக இருக்கும் வர்ணம் உதிர்ந்துவிடும். சேர்ந்த முதல் வாரத்தில் பஞ்சு மேடத்துக்கு முன்பிருந்தவர் சொல்லிக் கொடுத்ததை அவள் ஒரு நாளும் மீறியதில்லை. தூசி என்பது பெரும்பாலும் வந்து போனவர்களின் தோலும் துணி நூலும்தான் என்று அவரே சொன்னார். மனிதர்கள் தங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துவிட்டுப் போகிறார்கள், அதைக் கூட்டி எடுப்பது தன் வேலை என்று அவள் நினைத்துக்கொள்வாள். அந்த வேலையில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. வேறு எதிலும் இல்லை.

இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பார்வையாளர் யாராவது தொட்டிருந்தா எண்ணெய்ப் பிசுக்கு இருக்கணும். கறுத்திருக்கணும்" என்றார் பஞ்சு மேடம். "இங்க பிசுக்கே இல்ல. வெடிப்புக்குள்ள பஞ்சு நூல் சிக்கியிருக்கு. வெள்ளை நூல். துணிதான் பட்டிருக்கு."

இயக்குநர் அவளைப் பார்த்தார். நல்ல மனிதர். யாரையும் குரல் உயர்த்திப் பேச மாட்டார். அதனாலேயே அவர் பேச்சு நெஞ்சில் போய் உட்காரும்.

"துடைச்சீங்களாம்மா?"

"இல்ல சார்."

"ஒருநாள் அவசரத்துல, பிரஷ் கைக்குக் கிடைக்காம..."

"இல்ல சார். துணி வெச்சுத் தொட்டதே இல்ல."

"அப்ப நூல் எங்கிருந்து வந்தது?"

பதில் இல்லாதவள் பொய் சொல்கிறவளைப் போலவே இருப்பாள் என்பது அங்கே நின்றபோது தெரிந்தது.

"திங்கட்கிழமை எழுதிக் கொடுங்க. கவனக்குறைவுன்னு எழுதினா கீழ்த்தளத்துக்கு மாத்திடுவோம். கழிப்பறை, படிக்கட்டு. எழுதலைன்னா விசாரணை வெச்சு வேலையை விட்டு எடுக்கத்தான் சொல்வாங்க. என் கையில இல்ல."

வெளியே வந்தபோது டிக்கெட் அக்கா கண்ணாடிக்குள்ளிருந்து கையாட்டினாள். அந்தக் கட்டடத்தில் அவளுக்குத் தெரியாத சேதி கிடையாது.

"என்னடி, சாமி காலைச் சுரண்டித் தங்கம் சேர்த்தியாமே? எனக்கு ஒரு மூக்குத்தி பண்ணிக் குடுக்கக் கூடாதா?"

"சும்மா இரு அக்கா. நீ வேற."

"அழாதே. சொல்றதைக் கேளு. அந்த ரூமுல நாள் முழுக்க நிக்கறது உன் வீட்டுக்காரர். எவன் வந்தான், எவன் தொட்டான்னு அவருக்குத் தெரியாதா? அவரைப் பேசச் சொல்லு. வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் கணவர்தான் ஏழாம் அறைக் காவலர். பன்னிரண்டு வருஷமாக அதே அறை, அதே நாற்காலி. நீலச் சட்டை, வெள்ளைப் பஞ்சுக் கையுறை. பேச்சு குறைவு. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்.

அன்று மாலை இருவரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள். வழியெல்லாம் அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் அவள் முட்டையை உடைத்துக் கல்லில் ஊற்றி, காலையில் மிஞ்சிய சோற்றைச் சூடுபண்ணித் தட்டில் போட்டாள். ஈரக் காற்றில் உப்பு கட்டிப்பட்டிருந்தது. கரண்டிக் காம்பால் குத்தி எடுத்தாள்.

"ஏங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லலாமில்ல? நான் துணி வெச்சுத் தொடமாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்."

"நான் சொன்னா? புருஷன் பொண்டாட்டிக்காகப் பேசறான்னுவாங்க."

"அப்ப என்ன பண்றது?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் போடவில்லை.

"ஒத்துக்கோயேன்."

"என்னது?"

"தெரியாம பட்டுடுச்சுன்னு எழுதிக் குடு. கீழதானே போடறாங்க, வேலை போகலையே. வாளியும் துடைப்பமும் உனக்குப் புதுசா?"

"செய்யாததைச் செஞ்சேன்னு எழுதச் சொல்றீங்களா?"

"எட்டு மாசம்மா. எட்டு மாசம் ஒரு சத்தம் இல்லாம போனா நானும் நிம்மதியா வெளிய வந்துடுவேன். விசாரணை அது இதுன்னு வந்தா அந்த அறையில யார் இருந்தாங்கன்னு என்னையும் கேப்பாங்க."

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். இவர் எப்போதுமே இப்படித்தான் என்று நினைத்தாள். மகள் வீட்டைவிட்டுப் போன அன்றும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது வருஷம் ஆகிறது. செவிலியர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஏற்கெனவே கல்யாணமாகி விலகிய ஒருவனோடு போவேன் என்று மகள் நின்றாள். கத்தியது இவள்தான். "இனிமே இந்த வாசலை மிதிக்காதே" என்று சொன்னதும் இவள்தான். சொன்ன சொல் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. வந்தால் போதும் என்று மனசு இறங்கிவிட்டது. ஆனால் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. தேடிப் போவதற்கும் ஏதோ ஒன்று விடவில்லை. பெற்றவள் போய் நிற்பதா, வரட்டுமே அவள் என்று இருந்தாள். ஒரு வருஷம் இருந்தாள். பிறகு, நம்மை நினைப்பவளாக இருந்தால் வந்திருக்க மாட்டாளா என்று கேட்கத் தொடங்கினாள். அந்தக் கேள்வி பழகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு கோபப்பட முடிந்தது. கோபம் இருந்தவரை அழுகை அவ்வளவாக வரவில்லை.

சனிக்கிழமை முழுவதும் அவள் எழுத முயன்றாள். 'ஐயா, நான்' என்பதற்கு மேல் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டது. வெயில் வந்தவுடன் துணியை ஊறப்போட்டாள். அவருடைய நீலச் சட்டைகள் இரண்டு, கையுறை இரண்டு ஜோடி. கையுறையை எப்போதும் தனியாகத்தான் துவைப்பாள், வெள்ளை கெடக் கூடாது. வலது கைக் கையுறையில், ஆள்காட்டி விரல் நுனியிலும் நடுவிரல் நுனியிலும் வழக்கம்போல லேசான சிவப்பு. ஏழாம் அறைக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்தது. காலையில் அதைத் திறக்கும்போது ஒட்டுகிறது என்று வருஷக்கணக்காக நினைத்து, வாரா வாரம் சோப்பு போட்டுக் கசக்கியிருக்கிறாள். இன்றும் கசக்கினாள். தண்ணீர் லேசாகச் சிவந்தது. துணி வெளுத்துவிட்டது.

அவள் கை நின்றது.

துரு சோப்புக்குப் போகாது. எலுமிச்சை பிழிந்து வெயிலில் காயப்போட்டால்கூட மஞ்சளாக ஒரு வட்டம் நிற்கும். இது ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரிலேயே போயிருக்கிறது. மண் போவதுபோல.

வாளிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். துப்புரவு ஆட்களுக்கு ஆறு வருஷத்துக்கு முன்பே பஞ்சுக் கையுறையை நிறுத்தி மெல்லிய ரப்பர் கையுறை கொடுத்துவிட்டார்கள். வெள்ளைப் பஞ்சுக் கையுறை காவலர்களுக்கு மட்டும்தான், அதுவும் அழகுக்கு. வெறும் கையால் தொடக் கூடாது என்று ஆயிரம் முறை பார்வையாளர்களுக்குச் சொன்னவர், கையுறை போட்டுத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைத்திருக்கிறார். தங்கத்துக்கு விரலைவிடப் பஞ்சு கொடியது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

முதலில் அவளுக்கு வந்தது கோபம் இல்லை. அதை நினைத்து அவள் பின்னால் பலமுறை வெட்கப்பட்டாள். முதலில் வந்தது ஒரு நெகிழ்ச்சி. கல் மாதிரி உட்கார்ந்திருந்த மனிதர் தினமும் காலையில் கதவைத் திறந்து, யாரும் வருவதற்கு முன் அந்தப் பாதத்தைத் தொட்டிருக்கிறார். எதற்காக இருக்கும்? வேறு எதற்காக இருக்க முடியும்? இவள் கோபத்தில் ஒளிந்துகொண்டிருந்த ஒன்பது வருஷமும் அவர் வாய் திறக்காமல் மகளுக்காகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஈரக் கையுறையோடு உள்ளே போனாள். அவர் ஜன்னல் ஓரம் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க." குரல் தானாகத் தணிந்தது. "இது அந்தச் செம்மண்தானே?"

அவர் கையுறையைப் பார்த்தார். ஊசி நின்றது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானும் வந்து தொட்டிருப்பேன். அவளுக்காகத்தானே?"

அவர் தலையாட்டியிருக்கலாம். ஒரு தலையாட்டல் போதும், இவள் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கீழ்த்தளத்துக்குப் போயிருப்பாள், சந்தோஷமாகவே போயிருப்பாள். அந்த வயதில் அவருக்கு என்ன ஆயிற்றோ, பொய் வரவில்லை.

"வந்தாம்மா அவ."

"யாரு?"

"எட்டு வருஷம் ஆச்சு. ஒரு மத்தியானம். கைக்குழந்தையோட வந்தா. அந்த அறைக்கே வந்துட்டா. நீ அன்னிக்கு மூணாவது மாடியில இருந்தே."

அவள் கையிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் விழும் சத்தம் கேட்டது.

"அம்மா எங்கன்னு கேட்டா. என்னை ஏறெடுத்துப் பாக்கல. நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை இல்ல. அம்மாவைக் கூப்பிடுங்கன்னு, வாசல்ல நிக்கற ஆள்கிட்ட சொல்ற மாதிரி சொன்னா. தோள்ல தூக்கி வளர்த்தது நான் இல்லையா? அந்த நேரம் எனக்கு..." அவர் செருப்பைக் கீழே வைத்தார். "அம்மா உன் முகத்துல முழிக்க மாட்டேங்கறா, போயிடுன்னு சொல்லிட்டேன்."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"வாசலை மிதிக்காதேன்னு நீதானே சொன்னே. உன் வார்த்தையைத்தான் சொன்னேன்."

"அதுக்கப்புறம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், வந்தா சேர்த்துக்கணும்னு? உங்ககிட்டதானே சொன்னேன்?"

"சொன்னே. அவ போனப்புறம் ஓடிப்போய்க் கூப்பிடலாம்னு எழுந்தேன். அதுக்குள்ள பள்ளிக்கூடப் பசங்க கூட்டம் வந்துடுச்சு, அறையை விட்டுப் போகக் கூடாது. அப்புறம் நாள் ஆக ஆக எப்படிச் சொல்றது? சொன்னா நீ என்னை விட்டு வெப்பியா?"

"அப்ப அந்தக் காலைத் தொட்டு என்ன கேட்டே?"

முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவரை 'நீ' என்றாள். இருவருமே அதைக் கவனித்தார்கள்.

"அவ மறுபடியும் வந்துடக் கூடாதுன்னு" என்றார். "வந்தா எல்லாம் வெளிய வந்துடும். அது யாருன்னே தெரியாத சாமி. அதுகிட்ட சொன்னா அது யார்கிட்ட போய்ச் சொல்லப்போகுது?"

அவள் கையுறையைப் பிழிந்தாள். பிழிந்துகொண்டே இருந்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போன பிறகும் பிழிந்தாள். இவர் சொன்ன பொய்யை மகள் நம்பினாளே, ஏன் நம்பினாள்? நம்பும்படியான சொல்லை இவள் அல்லவா முன்பே சொல்லி வைத்திருந்தாள். அவர் புதிதாக எதையும் செய்யவில்லை. இவள் வீசியதை எடுத்துத் திரும்ப வீசினார், அவ்வளவுதான். இந்த நினைப்பு வந்தவுடன் அதற்காகவும் அவர் மேல் ஆத்திரம் வந்தது.

"நாளைக்கு நீ போய்ச் சொல்லு. நீதான் தொட்டேன்னு. சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

திங்கட்கிழமை அவர் அவளுக்கு முந்தைய பஸ்ஸிலேயே போய்விட்டார். அவள் எழுதாத காகிதத்தோடு போனபோது இயக்குநர் அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே அவர் குரல் கேட்டது, சொல் பிடிபடவில்லை. இடையில் ஒரு விம்மல். அரை மணி கழித்துக் கூப்பிட்டார்கள்.

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பஞ்சு மேடத்தின் கண்கள் சிவந்திருந்தன. அவள் கணவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் அவரை யாரும் உட்காரச் சொல்லி அவள் பார்த்ததில்லை.

"ஏம்மா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் இயக்குநர். "பெத்த பொண்ணு திரும்பி வரணும்னு ஒரு மனுஷன் எட்டு வருஷமா ஒரு சிலையோட காலைத் தொட்டுட்டு இருக்கார். நாங்க என்னமோ சேதம்னு எழுதிட்டு இருக்கோம்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்தாள். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்கு மன்னிப்பு இருக்காது, எட்டு மாதமும் இருக்காது. அது அவளைத் தடுத்ததா? கொஞ்சம். பெரிதாகத் தடுத்தது வேறு. அந்தப் பொய்யை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று அடுத்த கேள்வி வரும். வாசலை மிதிக்காதே என்று பெற்ற தாய் சொன்னாள் என்பதை இந்த நல்ல மனிதரின் முன் சொல்ல வேண்டியிருக்கும். அவர்கள் இப்போது கணவரைப் பார்க்கும் பார்வை, அவளைப் பார்க்கும்போது எப்படி மாறும்?

"உங்க மேல தப்பில்லம்மா" என்றார் இயக்குநர். "போய் வேலையைப் பாருங்க."

அவள் வாயை மூடிக்கொண்டு போய் வேலையைப் பார்த்தாள்.

இரண்டு வாரத்தில் நூற்று நாற்பத்தேழுக்கு நாலு பக்கமும் கண்ணாடி வந்தது. பெருவிரலுக்குத் தங்கம் பூசவில்லை, அப்படியே இருக்கட்டும் என்றார்கள். பழைய சீட்டை எடுத்துவிட்டுப் பெரிய எழுத்தில் புதிய சீட்டு வைத்தார்கள். 'அடையாளம் தெரியாத துறவி. மரம், செம்மண் பூச்சு, தங்கரேக்கு. வலது பாதத்தின் தேய்மானம்: பிரிந்துபோன மகள் திரும்பி வர வேண்டி ஒரு தந்தை பல ஆண்டுகள் தொட்டு வணங்கியதால் ஏற்பட்டது.' பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அவரைச் சிலைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கையுறையைக் கழற்ற வேண்டாம் என்றார்கள்.

"உன் வீட்டுக்காரர் இப்ப பெரிய பக்தர்டி" என்றாள் டிக்கெட் அக்கா. "ஏழாம் ரூம் எந்தப் பக்கம், ஏழாம் ரூம் எந்தப் பக்கம்னு என் உயிரை எடுக்கறாங்க. மத்த சாமியெல்லாம் ஈ ஓட்டுது. பதினேழு வருஷம் உன்னோட குப்பை கொட்டியிருக்கேன், இந்த ஆள் மனசுக்குள்ள இவ்வளவு இருக்குன்னு ஒரு நாளாவது சொன்னியா?"

"எனக்கே தெரியாது அக்கா."

"குடுத்து வெச்சவடி நீ."

முதலில் கேட்பவர்களுக்கு அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். பிறகு சரளமாக வந்தது. குழந்தையில் மகளை அவர் தோளில் தூக்கிப்போன கதை, காய்ச்சலில் இரவெல்லாம் மடியில் வைத்திருந்த கதை, எல்லாம் சேர்ந்துகொண்டன. அடுத்த அறையில் தூசி தட்டிக்கொண்டே அவள் கேட்பாள். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது நடிப்பாகத் தெரியவில்லை. அவர் அதை நம்பத் தொடங்கிவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டில் இருவரும் பேசிக்கொள்வது உப்பு, சாவி, பஸ் என்ற அளவில் நின்றுபோயிருந்தது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம். அவள் ஐந்தாம் அறையில் வெள்ளிக் கண்களுக்கு நடுவே பிரஷ் போட்டுக்கொண்டிருந்தாள். டிக்கெட் அக்கா மாடி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றாள். கவுண்டரை விட்டு அவள் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

"வந்துட்டாடி! உன் மக! பேப்பரைக் கையிலயே வெச்சிருக்கா, இதுல இருக்கிற எங்கப்பா எங்கன்னு கேட்டா. ஏழாம் ரூமுக்குத்தான் அனுப்பினேன். ஓடு, ஓடு!"

அவள் ஓடினாள். பிரஷ் கையிலேயே இருந்தது. ஏழாம் அறை வாசலில் கால் நின்றுவிட்டது.

மகள் பருத்திருந்தாள். அவர் தோளில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தாள். அவர் வெள்ளைக் கையுறைக் கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

"கண்ணு" என்றாள். யாரைக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மகள் நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் மூடிக்கொண்டது.

"நீ வந்தது எனக்குத் தெரியாதும்மா" என்றாள் இவள். "சத்தியமா தெரியாது. அன்னிக்கு நீ வந்தது இப்பதான், ஒரு மாசம் முன்னாடிதான் எனக்குத் தெரியும்."

"அப்பா சொன்னப்ப நானும் நம்பல" என்றாள் மகள். சின்ன வயதில் 'நீ, வா, போ' என்று பேசியவள் இப்போது 'நீங்க' என்றாள். "அம்மா அப்படிச் சொல்லமாட்டாங்கன்னு நினைச்சேன். மூணு நாள் எதிர்ல இருக்கிற கடை வாசல்ல வந்து நின்னேன். இவளுக்கு மூணு மாசம். மழை. மூணு நாளும் நீங்க குடையைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தீங்க. என் பக்கமே பார்த்துட்டுப் போனீங்க."

"நான் பார்க்கலம்மா."

"அதைத்தான் சொல்றேன்."

மழையில் அந்தத் தெருவைக் கடப்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். எட்டு மணி நேரம் விரல் நீளத்துப் பொருளை உற்றுப் பார்த்த கண்ணுக்கு வெளியே எல்லாம் மங்கலாகத்தான் இருக்கும். தலை குனிந்துதான் நடப்பாள். எதிர்க்கடை வாசலில் யாரோ நின்றிருக்கலாம். யாரோ எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பார்கள்.

கணவர் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க" என்றாள். "நீங்க சொல்லுங்க அவகிட்ட."

அவர் உதடு அசைந்தது. மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடியைக் குனிந்து பார்த்தார். எட்டு வருஷத்துக்கு முன் கிடைக்காதது அது. இப்போது கைக்குள் இருந்தது.

"விடும்மா" என்றார் மெதுவாக. "பழசையெல்லாம் எதுக்குக் கிளறணும்? அவளும்தான் வேதனைப்பட்டிருக்கா. மன்னிச்சுடு."

"பார்த்தீங்களா?" மகளின் கண் மறுபடி நிறைந்தது. "இப்பவும் உங்களை விட்டுக்குடுக்காம பேசறாரு. எனக்கு அந்த அளவு மனசு வரல."

குழந்தை புதிய சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது. "மகள்... திரும்பி... வர... வேண்டி..." பிறகு திரும்பி, பிரஷ்ஷோடு நின்றவளை மேலும் கீழும் பார்த்தது.

"அம்மா, இவங்க யாரு?"

மகள் ஒரு கணம் பேசாமல் இருந்தாள். அந்த ஒரு கணம் நீண்டுகொண்டே போகட்டும் என்று இவள் நினைத்தாள்.

"இங்க வேலை பார்க்கறவங்க" என்றாள் மகள். "வா, நேரமாச்சு."

அவர் வாசல் வரை கூடப் போனார். அறையை விட்டுப் போகக் கூடாது என்ற விதியை யாரும் நினைக்கவில்லை. படிக்கட்டில் அவர்கள் குரல் இறங்கிக்கொண்டே போனது. குழந்தை எதையோ கேட்டது, அவர் பதில் சொன்னார், மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாறவே இல்லை.

அவள் மட்டும் அறையில் நின்றாள். ஐந்து நிமிஷத்தில் ஒரு சுற்றுலாக் கூட்டம் வரும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். கண்ணாடியில் குழந்தையின் கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் தனித்தனியாக, உள்ளங்கையின் ரேகைகூடத் தெரிந்தது. கட்டடத்திலேயே துணியால் துடைக்க அனுமதி உள்ளது கண்ணாடி மட்டும்தான். அவள் சட்டைப் பையிலிருந்து துணி வந்தது, வாய் ஆவியை ஊதியது, மேலிருந்து கீழாகக் கை இரண்டு முறை போய் வந்தது. பதினேழு வருஷப் பழக்கம்.

துணியை மடித்துப் பையில் வைத்த பிறகுதான் எதைத் துடைத்தோம் என்று தெரிந்தது. அதற்குள் கூட்டம் உள்ளே வந்துவிட்டது. அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.